நெல்லைச் சீமையின் வெள்ளாடும் அதன் பாலும்

தாமிரபரணிக் கரையிலுள்ள பழைய கோயில்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம், கருவறைக்கு விரையும் முன் வெளிச்சுவரின் அருகே சற்றே நின்று பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். கல்லிலே எழுத்து வரி வரியாக ஓடுகிறது. அவ்வெழுத்துகளில் மன்னர் பெயரும் நிலத்தின் எல்லையும் வருவது போலவே ஆடும் வருவதுண்டு. இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய நந்தா விளக்கு ஒன்றுக்கு இன்னார் இத்தனை ஆடு விட்டார் என்பது தமிழகக் கல்வெட்டுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் செய்தி. அந்த ஆடுகளுக்கு அழகியதோர் அடைமொழியும் உண்டு. சாவா மூவாப் பேராடு என்பது அது.

சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ என்று மாணவி ஒருத்தி என்னை ஒருமுறை கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். கோயிலுக்கு விடப்பட்ட ஆடுகளை இடையர் ஏற்றுக்கொள்வர். கிழடான ஆடு கழிந்தால், அதன் வழியில் வந்த மறியொன்றைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காப்பது அவர் கடமை. ஆகவே ஆடு சாகும், மந்தை சாகாது. அம்மந்தையின் பாலிலிருந்து குறித்த அளவு நெய்யை அவர் கோயிலுக்கு நாள்தோறும் அளந்து வர வேண்டும்.

இக்கணக்கை மிகத் தெளிவாகத் தருபவை, நம் சீமைக்கு வடக்கே, 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள். ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு ஈடு 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. இந்த ஆடுகளைச் செம்மறி என்றே அறிஞர் பெரும்பாலும் கொள்வர். எதுவாயினும், தொண்ணூற்றாறு ஆடுகளின் பாலில் குட்டி குடித்தது போக, இடையர் குடும்பம் உண்டது போக, சினையாடும் பால் வற்றிய ஆடும் நீங்கலாகக் கோயிலுக்குக் கிடைத்தது கால் நாழி நெய். ஓர் எருமைக்கு ஆறு ஆடு என்ற விகிதமும் இதிலிருந்து பெறப்படுகிறது.

இக்கணக்கில் நான் உங்களுக்குச் சுட்ட விரும்புவது ஒன்று உண்டு. அன்று ஆட்டை எண்ணினார்கள், நெய்யை அளந்தார்கள். ஆனால் மந்தையில் எந்த ஆடு எவ்வளவு பால் தந்தது என்று கேட்டவர் இலர். கேட்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. எண்ணிக்கை குறையாதிருந்தால் இடையரின் கடன் தீர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் நாட்டில் வெள்ளாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14 கோடியே 88 லட்சம் வெள்ளாடுகள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம். எண் பெரிது. நம் ஊரில் ஓர் ஆடு காலையில் எவ்வளவு கறக்கும் என்று கேட்டுப் பாருங்கள்; விடை சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

நம் ஆட்டின் இயல்பை அறிய வேண்டுமானால் நம் நிலத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையது. அச்சிறு நீளத்திற்குள் எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்கள் செல்லும் இடமெல்லாம் நெல்லும் வாழையும். இந்நஞ்சைக் கரையில் வெள்ளாடு வேண்டாத விருந்தாளி. நாற்றங்காலில் ஓர் ஆடு புகுந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு ஒரு நாழிகையில் போய்விடும். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தபின், பயிரில் மேய்ந்த ஆட்டைப் பவுண்டில் அடைத்துத் தண்டம் வாங்குவது முறையாயிற்று. அறுவடை முடிந்தபின் மட்டும் அதே ஆட்டுக்கு வரவேற்பு உண்டு. வயலில் கிடை போட்டால் உரம் கிடைக்குமன்றோ?

ஆற்றை விட்டு வடக்கேயும் கிழக்கேயும் சென்றால் நிலம் மாறுகிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரி. அங்கே குடைபோல் விரிந்த உடைமரமும், பிற்காலத்தில் வந்து குடியேறிய சீமைக் கருவேலமும், வேலியோரத்து முட்செடியுமே தீவனம். வெள்ளாட்டுக்கு உரிய நாடு இதுவே. பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து உடைமரத்தின் நெற்றை அது பறித்துத் தின்பதைக் கண்டவர், பசுவால் ஆகாதது ஆட்டால் ஆகும் என்பதை உடனே உணர்வர்.

இந்நாட்டில் தோன்றிய இனங்கள் இரண்டு. ஒன்று கன்னி ஆடு. கருநிற உடல், முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து மூக்கு வரை ஓடும் கோடு, காதின் உட்புறத்திலும் வயிற்றிலும் காலிலும் அதே நிறம். கோடு வெண்மையாயின் பால்கன்னி, செந்நிறமாயின் செங்கன்னி. பால்கன்னி என்ற பெயரைக் கேட்டு, பால் மிகுதியாகத் தரும் ஆடு போலும் என்று வெளியூர் நண்பரொருவர் எண்ணினார். அங்கே பால் என்பது நிறத்தைக் குறித்ததேயன்றி மடியைக் குறித்ததன்று. மற்றொன்று கொடி ஆடு. உயர்ந்து மெலிந்த உடல். வெண்மையில் கரும்புள்ளி சிதறியது கரும்போரை, செம்புள்ளி சிதறியது செம்போரை. இவ்விரு இனமும் வெயிலுக்கு அஞ்சா, நெடுந்தொலைவு நடக்கும். கன்னி ஆடு இரட்டைக் குட்டி ஈனுவதில் பெயர் பெற்றது. ஆனால் இரண்டும் பாலுக்குப் பெயர் பெற்றவை அல்ல. குட்டிகள் வளர்ந்தால் போதும் என்ற அளவே அவற்றின் பால்.

இது இயற்கையின் குறையா? அன்று என்பதே என் கருத்து. நம் முன்னோர் எதைத் தேர்ந்தார்களோ அது வளர்ந்தது. எதைத் தேரவில்லையோ அது நின்றுவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்சயரில் இராபர்ட் பேக்வெல் என்னும் உழவர் இதனை உலகறியக் காட்டினார். தமக்கு வேண்டிய குணமுள்ள ஆணையும் பெண்ணையும் தேர்ந்து, மீண்டும் மீண்டும் இணைத்து, விரைவில் கொழுக்கும் செம்மறியை அவர் உருவாக்கினார். அவர் கிடாய்களைப் பருவத்துக்கு வாடகை பேசி அழைத்துச் சென்றனர். ஆயின் அவ்வாடுகள் குட்டி குறைவாக ஈன்றன, பாலும் குறைவாகச் சுரந்தன என்று அக்காலத்தவரே குறைகூறினர். பேக்வெல் இறைச்சியை நோக்கினார், இறைச்சி வந்தது. நம் கரிசல் நாட்டு இடையர் நடையையும் இரட்டைக் குட்டியையும் நோக்கினார், அவையே வந்தன.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பாலின் அளவு தாயிடமிருந்து மட்டும் வருவதன்று. தந்தை வழியாகவும் பாதி வருகிறது. கிடாய் கறப்பதில்லை, எனவே அதன் தாயும் உடன்பிறந்த பெண்ணாடுகளும் எவ்வளவு கறந்தன என்று பார்த்தே அதன் தகுதியை அறிதல் வேண்டும். நம் ஊர்களில் நடப்பது என்ன? விரைந்து வளர்ந்த கிடாய்க்குட்டி முதலில் சந்தைக்குப் போகிறது, அல்லது காயடிக்கப்படுகிறது. கண்ணுக்கு நிறைந்த கருங்கிடாய் சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்து விடப்படுகிறது. அது ஊரெங்கும் தன்னிச்சையாகத் திரிந்து இனம் பெருக்கும். ஆனால் கொடை நாள் வரையில்தான். அதன் பெண்மக்கள் கறக்கத் தொடங்கும் முன்பே அது போய்விடுகிறது. அதன் தாய் எது, எவ்வளவு கறந்தது என்று கேட்பாரும் இலர். நம்பிக்கையைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. கணக்கு எங்கே விட்டுப்போயிற்று என்று காட்டவே சொல்கிறேன்.

வடக்கே இக்கணக்கு வேறு விதமாக நடந்தது. உத்தரப்பிரதேசத்தில் எட்டாவா மாவட்டத்தின் சக்கர்நகர்ப் பகுதி யமுனைக்கும் சம்பலாற்றுக்கும் இடையே அமைந்தது. அங்குள்ள ஜமுனாபாரி ஆடு கிளிமூக்கும் தொங்கு காதும் பேருருவும் கொண்டது, பாலும் மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து சென்ற கப்பல்களில், வழியில் பால் வேண்டி ஆடுகளை ஏற்றிச் செல்வர். அவ்வாறும் பிறவாறும் இங்கிலாந்தை அடைந்த ஜமுனாபாரி முதலிய ஆடுகள், எகிப்து நாட்டு ஆடுகளோடும் அந்நாட்டு ஆடுகளோடும் கலந்தன. 1879ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்டுச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் செய்த பெரும்பணி, எந்த ஆடு யாருக்குப் பிறந்தது என்று ஏட்டில் எழுதியதே. நாளடைவில் பால் அளவும் ஏட்டில் ஏறியது. அங்ஙனம் உருவான ஆங்கிலோ நூபியன் என்னும் இனம் இன்று பல நாடுகளில் பாலுக்காக வளர்க்கப்படுகிறது. நம் நாட்டு இரத்தம் ஓடும் ஆடு. எழுத்துக் கணக்கு மட்டும் அவர்களுடையது.

நம் நாட்டில் வெள்ளாட்டுப் பாலுக்கு மதிப்புத் தேடித் தந்தவர் காந்தியடிகள். பசு, எருமைகளைக் கறக்கும் கொடிய முறையை அறிந்து அவற்றின் பாலை விலக்கியிருந்த அவர், 1918-19இல் கடும் நோயுற்றபோது, கஸ்தூரிபாய் எடுத்துக் கூற, ஆட்டுப்பாலை ஏற்றார். 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோதும், 1934 சனவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் திருநெல்வேலிக்கு வந்தபோதும் அவர் உணவு ஆட்டுப்பாலே. எனினும் அம்மதிப்பு மேடைப் பேச்சோடு நின்றது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் பசுவையும் எருமையையும் நோக்கியதேயன்றி, கூட்டுறவுச் சங்கத்துக் கேனில் வெள்ளாட்டுப் பாலுக்கு இடம் அமையவில்லை. விற்க வழியில்லாத பாலை அளப்பவர் யார்?

1970களில் ஆராய்ச்சியாளர் வெள்ளாட்டின் பக்கம் திரும்பினர். அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ், கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் பஞ்சாபின் பீட்டல் ஆட்டோடு ஆல்பைன், சானன் என்னும் ஐரோப்பியக் கிடாய்கள் இணைக்கப்பட்டன. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், நமக்கு அண்மையிலேயே, திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் மலபாரி ஆட்டோடும் அவ்வாறே இணைத்தனர். அரபு வணிகர் வழி வந்த ஆடுகளின் கலப்புடைய மலபாரி, நாம் தலைச்சேரி ஆடு என்று அழைப்பதே. கலப்பின ஆடுகள் தாயினத்தைவிட மிகுதியாகக் கறந்தன. பண்ணையில் அது கண்கூடு. ஆனால் பண்ணைக்கு வெளியே நல்ல தீவனமும் நோய்த் தடுப்பும் இல்லாத தொழுவில் அந்த ஆதாயம் நிலைப்பது அரிதாயிற்று. பிற்காலத்தில் அத்திட்டமே உழவர் மந்தைக்குள் சென்று, உள்நாட்டு இனங்களில் சிறந்தவற்றை அளந்து தேரும் பணிக்குத் திரும்பியது. 1979இல் மதுரா அருகே மக்தூமில் அமைந்த மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையமும் ஜமுனாபாரியைத் தன் இனத்துக்குள்ளேயே தேர்ந்து வளர்த்து வருகிறது.

இவ்வறிவு எனக்கு முன்னரே இருந்திருந்தால் ஒரு வீட்டில் பால் நின்றிராது. அதை மறைப்பதில் பொருளில்லை.

1986ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், ஆற்றின் வடகரைக்கு அப்பால் மானாவாரிச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றினேன். என் வகுப்பில் ஒரு சிறுவன். அவன் தாய் கைம்பெண். மூன்று கன்னி ஆடுகளே அவர்கள் செல்வம். அவனுடைய தங்கைக்கு மூன்று வயது. அவள் குடித்த பால் அந்த ஆடுகளின் பாலே. நூல்களில் ஜமுனாபாரியின் பெருமையைப் படித்திருந்த நான், அக்கம்பக்கத்தில் ஒருவர் வாங்கி வந்திருந்த பெருங்கிடாயோடு ஆட்டை இணைத்தால் பால் பெருகும் என்று அவ்வம்மையாரிடம் எடுத்துரைத்தேன். வாத்தியார் சொல்லுக்கு அவ்வூரில் அத்துணை மதிப்பு. தலையீற்றுக்கும் வராத இளம் ஆட்டை அவர் இணைத்தார்.

ஐந்து திங்கள் கழிந்தன. வயிற்றிலிருந்த குட்டி பெரிது. தாயின் இடுப்பு சிறிது. ஓர் இரவு முழுதும் ஆடு முக்கிக் கிடந்தது. விடியும்போது தாயும் இல்லை, குட்டியும் இல்லை. ஏனைய இரண்டில் ஒன்று வற்றிவிட்டது, மற்றொன்று சினை. அவ்வாண்டுக் கோடை முழுதும் அச்சிறுமிக்குப் பால் இல்லை, நீராகாரந்தான். நான் சென்று நின்றபோது அத்தாய் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது. “ஆடு போனாப் போகட்டும் சார்வாள், பெரிய குட்டின்னு ஆசப்பட்டது நானுந்தானே” என்றார். என்மேல் பழி வாராதிருக்க அவர் தாமும் பங்கேற்றுக்கொண்டார். ஆட்டின் விலையைக் கொடுக்க முயன்றேன், வாங்கவில்லை.

அதன்பின் நூலை மூடிவைத்து, மந்தையைப் பார்க்கத் தொடங்கினேன். அறிவியல் கழகம் என்று பெயரிட்டுப் பத்துப் பன்னிரண்டு மாணவரைச் சேர்த்தேன். ஆட்டை மாற்ற வேண்டா. அளந்து மட்டும் பார்ப்போம் என்பதே எங்கள் திட்டம். மாலையில் குட்டிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பர். விடியலில் ஒரு காம்பைக் குட்டிக்கு விட்டு மற்றொன்றைக் கறந்து ஆழாக்கால் அளப்பர். கறக்க மனமில்லாத வீட்டில் குட்டியை நிறுத்தனர். முதல் மாதத்தில் குட்டி ஏறும் எடையே தாயின் பாலுக்குச் சான்று. பள்ளி ஆய்வகத்தின் சுருள்வில் தராசு இவ்வகையில் நன்கு பயன்பட்டது. அதன் கொக்கியில் துணித்தூளி கட்டிக் குட்டியைத் தொங்கவிட்டபோது எழுந்த சிரிப்பொலியில் தலைமையாசிரியர் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

கண்டது வியப்பளித்தது. ஒரே ஊரில், ஒரே மேய்ச்சலில், ஒரே இனத்து ஆடுகளுக்குள் ஒன்று மற்றொன்றைப் போல் இருமடங்கு கறந்தது. மிகுதியாகக் கறந்தது ஊரார் மெச்சிய ஆடு அன்று. கோடு கலைந்த முகமும் ஒரு கொம்பும் உடைய ஆடு. மடி பெரிதாகத் தோன்றிய சில ஆடுகள் கறந்தபின்னும் மடி பெரிதாகவே இருந்தன, அது தசை. நல்ல மடி கறந்தபின் சுருங்கி வெறும்பையாகும் என்பதை மாணவர் விரலாலேயே கற்றனர். சினையின் கடைசி ஆறு வாரத்தில் வேப்பங்குழையும் உடைநெற்றும் ஒரு பிடி கம்பும் பெற்ற ஆடு, ஈன்றபின் கறந்த பாலும் வேறு. வெறும் மேய்ச்சலில் இருந்ததன் பாலும் வேறு. ஒற்றைக் கொம்பு ஆட்டின் கிடாய்க்குட்டியைக் காயடிக்காமலும் விற்காமலும் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்டபோது, அதன் உடையவர் நெடுநேரம் பேசாதிருந்தார். ஆடிச் சந்தையில் அது விலை போகும் பொருள். மாணவரே ஆளுக்குச் சிறு காசு சேர்த்து அதை நிறுத்தினர். நான் முன்பு கேடு செய்த வீட்டில்தான் அது வளர்ந்தது. அத்தாயே கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பெண்மக்களுள் எல்லாம் நன்றாகக் கறந்தன என்று சொல்ல முடியாது. சில கறந்தன, சில பழைய அளவிலேயே நின்றன. தந்தைக்கே மகளை இணைக்காதிருக்க, மூன்றாண்டுக்கொருமுறை அடுத்த ஊரோடு கிடாயை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் பட்டே அறிந்தோம்.

பின்னர் நான் மாற்றலாகிச் சென்றேன். ஆண்டுகள் கழிந்தன. 2011 செப்டம்பரில் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்கு நான்கு ஆடு. பல குடும்பங்களுக்கு அது கைகொடுத்தது என்பதை நேரில் கண்டேன். ஆயினும் நான்கு என்ற அவ்வெண்ணைக் கேட்டவுடன் எனக்குத் தொண்ணூற்றாறு என்ற எண் நினைவுக்கு வந்தது. 2012இல் நெல்லைக்கு அருகே இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, இனி இங்கேயே அளப்பவர் உருவாவர் என்று மகிழ்ந்தேன். என் மாணவருள் ஒருவரின் மகள் இத்துறையில் படிக்க விரும்புகிறாள்.

ஓய்வு பெற்றபின் அந்தப் பழைய ஊருக்குச் சென்றிருந்தேன். அன்றைய சிறுவனுக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயது, தலை நரைத்துவிட்டது. தங்கை மணமாகித் தென்காசியில் இருக்கிறாளாம். தொழுவத்தில் பதினொரு ஆடுகள். மண்சுவர் போய்ச் செங்கற்சுவர் வந்திருந்தது. அதன்மேல் கதவருகே கரியால் கோடுகள்: ஒவ்வொரு நிரைக்கும் ஓர் ஆட்டின் பெயர், எதிரே ஆழாக்குக் கணக்கு. மேல்நிரையின் பெயர் ஒத்தக்கொம்பி. அது பழைய ஆட்டின் எத்தனையாவது தலைமுறை என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, உள்ளே போய்த் தம் அன்னையை அழைத்து வந்தார். கண் மங்கிய அம்மூதாட்டி சுவரைத் தடவாமலே, தாய் வழியும் தந்தை வழியுமாக ஒன்பது தலைமுறையைப் பெயர் சொல்லி அடுக்கினார்.